கூடை காலி

ஆறாம் நாள் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. வடகிழக்குக் காற்று முகத்தை அறுத்தது. துக்க வீடு என்றெல்லாம் பார்க்காமல் சாய்லான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு, தோளில் சுமக்கும் காவுகட்டையில் இரண்டு கூடைகளைக் கோத்துக் கிளம்பிவிட்டாள்.

"ஊர் என்னம்மா சொல்லும்? அப்பா போய் ஆறு நாள்தான் ஆகுது" என்றாள் பீயுன்.

"ஊரா வந்து என் சிப்பிய எடுத்துக் குடுக்கப்போவுது? நாளைக்கு ஏழு. போனவரு வீட்டுக்குத் திரும்பி வர்ற நாள். மார்க்கெட்டு சிப்பியில பொரிச்சு வெச்சா, வாசல்லயே மோந்து பாத்துட்டுத் திரும்பிருவாரு. நீ வர்றியா, இல்ல பட்டணத்துக் கால் சேத்துல எறங்காதா?"

பீயுன் இறங்கினாள். நாற்பத்தாறு வயது. அதில் இருபத்தேழு வருஷம் ஷியாமென் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் போயிருந்தது. தையல் மிஷினில் தொடங்கி, இப்போது அறுபது பெண்களை மேய்க்கும் சூப்பர்வைசர். சேறு முழங்காலைக் கவ்வியதும் முதுகெலும்பு கதறியது. எழுபது வயது அம்மாவோ கொக்கு மாதிரி எட்டி எட்டி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றில் கல்தூண்கள் நின்றன. இடுப்புயரம் இருக்கும் ஒவ்வொன்றும். அப்பா ஷுய்ஷெங் வாலிபத்தில் கல்குவாரியில் உடைத்து, தோளில் சுமந்து வந்து நட்டவை. சிப்பிகள் அவற்றின்மேல் ஒன்றன்மீது ஒன்றாகச் செதில் செதிலாக அப்பிக்கிடந்தன. இரும்புக் கொக்கியால் தட்டித்தட்டிப் பெயர்க்க வேண்டும். கூடை நிறைந்ததும் தோளுக்கு ஏற்ற வேண்டும். கடல் திரும்புவதற்குள் கரையேற வேண்டும். இந்த மூன்றும்தான் அந்த ஊரின் வாழ்க்கை.

கரையேறி முற்றத்தில் கொட்டியபோது பக்கத்து வீட்டு யுயேஜின் சிப்பி உடைக்கும் தன் கொத்துளியோடு வந்து உட்கார்ந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துப் பதினெட்டு வருஷமாகியும் வாய் குறையாத பெண்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு விருந்தா? உயிரோட இருக்கையில இம்புட்டு பெரிய சிப்பியா பாத்து நீ ஒரு நாளும் போட்டதில்லயே."

"உயிரோட இருக்கையில அவரு வாயில பல்லு இல்ல."

"இப்ப மட்டும் மொளச்சிருச்சாக்கும்!"

சாய்லான் சிரித்தாள். தலையில் பூ இல்லாமல் சிரித்தாள். கொண்டையைச் சுற்றி மல்லிகையும் செவ்வந்தியும் வளையமாகச் செருகாமல் அம்மாவைப் பீயுன் பார்த்ததே இல்லை. இப்போது ஒற்றை வெள்ளை நூல்தான் இருந்தது.

மூவரும் உடைக்கத் தொடங்கினார்கள். சிப்பி ஓடுகளைச் சாந்தில் பதித்துக் கட்டிய வீட்டுச் சுவரோரம் அப்பாவின் குட்டை மூங்கில் முக்காலி காலியாகக் கிடந்தது. அதற்கு மேலே ஆணியில் அவருடைய கண்ணாடி தொங்கியது. ஒரு காதுக்கம்பிக்குப் பதில் தூண்டில் நரம்பு.

யுயேஜின் காலி முக்காலியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "கை வேல செய்யுது, காது சும்மா கெடக்குது அண்ணி. கதையில படகுக்காரிய ஆத்தங்கரையில கட்டிப்போட்ட எடத்துல நிறுத்திட்டுப் போயிட்டாரு மனுஷன்."

பீயுனின் கொத்துளி நின்றது. "அப்பா படிச்சுக்கிட்டா இருந்தாரு? இப்பவுமா?"

"இது என்னடி கேள்வி! ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில கூடப் படிச்சாரு. மூச்சு எழும்பல, நாலு வரிக்கு ஒருக்க இருமல். அண்ணி போதும் போதும்னு கத்துது. கேட்டாத்தான?"

அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நாளைக்கு மேசையில அந்தப் புத்தகத்த எடுத்து வைக்கணும். வந்தாருன்னா விட்ட எடத்துலருந்து பாத்துக்குவாரு. நானும் பெட்டி, கட்டில்னு தேடிட்டேன், அம்புடல. நீ எங்கயாச்சும் எடுத்து வெச்சியா பீயுன்?"

கொத்துளி நழுவி இடது பெருவிரலில் ஏறியது. பீயுன் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாக்குறேன்மா" என்றாள்.

புத்தகம் சாம்பலாகி மூன்று நாள் ஆகியிருந்தது. எரித்தவள் அவள்தான்.

*

அஸ்திப் பெட்டியைக் குன்றில் வைத்த அன்று நடந்தது அது. புருஷனைக் குன்றுக்குக் கொண்டுபோகும்போது பெண்டாட்டி கூடப் போவது அந்த ஊரில் வழக்கமில்லை. சாய்லான் வீட்டில் இருந்தாள், துணைக்கு யுயேஜின். பெரியப்பா மகன் ஒருவன் மகன் ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தான். காகித வீடு, காகிதக் குளிர்பெட்டி, காகித நோட்டுக்கட்டுகள் என்று ஒவ்வொன்றாகத் தீயில் போட்டார்கள். எரிந்தவை அவருக்குப் போய்ச் சேரும். எல்லாம் முடியும் நேரத்தில் பீயுன், அப்பாவின் பெட்டியில் கிடைத்த, நீலத்துணி அட்டை போட்ட தடித்த புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். சடங்கு செய்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"இதுவுமா?"

"அங்க அவருக்குப் பொழுது போக வேண்டாமா?"

கூடி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அப்பன் மனசு தெரிந்த பிள்ளை என்றார்கள். பழைய காகிதம், லேசில் பற்றவில்லை. குச்சியால் கிளறிக் கிளறி எரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தாளும் சுருளும்போது, இருபத்தேழு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல் கரைகிறது என்று பீயுன் நினைத்தாள். அதற்காகத்தான் எரித்தாள். வாயால் கேட்க முடியாமல் போன மன்னிப்பை அந்தத் தீயில் போட்டாள்.

அவள் வளர்ந்ததே அந்தப் புத்தகத்தின் சத்தத்தில்தான். ஐப்பசி பிறந்து பனிக்காலம் முடியும்வரை தினமும் முற்றத்தில் சிப்பி மலையாகக் குவியும். அம்மாவும் நாலைந்து பெண்களும் உடைப்பார்கள். தூண் சுமந்த தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அப்பா முக்காலியில் உட்கார்ந்து படிப்பார். எழுத்தில் இருந்தது ராஜாக்கள் காலத்து மொழி. அவர் வாயில் வரும்போது அது மீன்சந்தைப் பேச்சாகிவிடும். உப்பு மூட்டை தூக்கியவன் தளபதியானது, ஆற்றுப் படகுக்காரி அவனை மூன்று தடவை காப்பாற்றியது, நரி பெண்ணாக வந்து ஒரு மாஜிஸ்திரேட்டின் மீசையைச் சிரைத்தது என்று எண்பது அத்தியாயம். கழுத்தில் கத்தி இறங்கும் இடம் வந்ததும் புத்தகத்தை முழங்காலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பீடிக்குத் தீக்குச்சி தேடுவார்.

"அப்பறம்? அப்பறம் என்னாச்சுப்பா?"

"கூடை காலியாகட்டும். அப்பறந்தான் தல தப்புமா தப்பாதான்னு தெரியும்."

ஆறு வயதில் பீயுன் கொத்துளியைப் பிடித்தாள். படகுக்காரியின் தலையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. அவள் உடைக்கிற வேகத்தைப் பெரிய பெண்களே பார்த்து வாயைப் பிளப்பார்கள். கடைசிச் சிப்பி உடைந்ததும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று கத்துவாள்: "அப்பா, கூடை காலி!" அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவார். எல்லாம் தனக்காகத்தான் என்று அவள் நினைத்தாள். அந்தப் பெண்களெல்லாம் தன் கதையை ஓசியில் கேட்கிறவர்கள்.

பதினெட்டு முடியும்போது வலது சுட்டுவிரலில் ஓடு ஏறிப் புரையோடியது. விரல் தப்பியது, மடங்குவதுதான் நின்றுபோனது. செருப்புத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க வந்தவன் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மற்றப் பெண்களுக்கு முதல் மாசமே மிஷின் வேலை. இவளுக்கு ஆறு மாசம் பசை தடவும் வேலை, பிறகு பார்க்கலாம் என்றான். கிளம்புகிற அன்று காலையில் அப்பா வழியில் தின்ன அவித்த வேர்க்கடலையைப் பையில் போட்டுக்கொண்டே, "உக்காரு, பஸ்ஸுக்கு நேரமிருக்கு. ஒரு அத்தியாயம் படிக்கிறேன்" என்றார்.

எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம்.

"கூடை எங்க? கொண்டாந்து வை. ஒடச்சுட்டுப் போறேன். கத சொல்லிக் கத சொல்லியே என் கைய அறுத்துட்டே. நீ அப்பன் இல்ல, மேஸ்திரி."

அப்பா புத்தகத்தை மூடினார். அட்டையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் வந்த எந்தப் புத்தாண்டிலும் அந்தப் புத்தகம் அவள் கண்ணில் படவில்லை. அப்பா படிப்பதையே விட்டுவிட்டார், என் நாக்குதான் அதைக் கொன்றது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டிருக்கலாம். வருஷம் ஒரு தடவை, நான்கு நாள், இருபத்தேழு தடவை வந்தாள். கேட்கவில்லை.

*

ஏழாம் நாள் மத்தியானத்துக்கு மேல் சாய்லான் மேசை போட்டாள். கிழங்கு மாவில் முட்டையும் பூண்டுத்தாளும் கலந்து பொரித்த சிப்பி, வேர்க்கடலைக் கஞ்சி, மெல்லிய சேமியா, இரும்பு நிறத் தேநீர். அவருடைய பீடிக்கட்டு. கழுவித் துடைத்த ரப்பர் செருப்பு. சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்புத் தூளை வாசற்படியில் கோலம்போல் தூவினாள். வந்தால் கால்தடம் விழும்.

பீயுனின் பெட்டி கட்டி ரெடியாக இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸுக்கு இரண்டு சீட்டு. ஏழு முடியட்டும், வருகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். ஷியாமெனில் ஒரு அறையை ஒழித்து, கட்டிலுக்குப் புது மெத்தைகூடப் போட்டாகிவிட்டது.

"எல்லாம் வந்துருச்சு. புத்தகத்த வை" என்றாள் அம்மா.

பீயுன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, புத்தகம் இல்ல."

"இல்லன்னா?"

"அன்னிக்குக் குன்றுல... காயிதத்தோட சேத்து... நாந்தான்மா போட்டேன். அவருக்குப் போய்ச் சேரட்டும்னு."

சாய்லான் கையில் தேநீர்க் கெண்டி இருந்தது. மெதுவாக இறக்கி வைத்தாள். மூடி கொஞ்சம் கோணியிருந்தது, அதைச் சரி செய்தாள். வாசலில் நின்ற யுயேஜின்தான் வாயில் கை வைத்தாள்.

"அடிப் பாவி" என்றாள் யுயேஜின். "நீ போட்டியா? அது என்ன புத்தகம்னு தெரியுமாடி ஒனக்கு?"

"யுயேஜின், நீ வீட்டுக்குப் போ" என்றாள் சாய்லான்.

"இல்ல அண்ணி, அது..."

"போன்னா போ. அப்பறம் கூப்புடுறேன்."

அவள் போனாள். சாய்லான் முற்றத்துக்கு வந்து தன் முக்காலியில் உட்கார்ந்தாள். நேற்று மிச்சம் வைத்த ஒரு கூடைச் சிப்பி ஈரச்சாக்கு மூடிக் கிடந்தது. சாக்கை விலக்கினாள். பழக்கத்தில் கை கொத்துளியை எடுத்தது.

"அந்தச் சுவத்தப் பாரு" என்றாள். "கண்ணாடி தொங்குதே, அதுக்குக் கீழ. ஓடு வரிசை மாறியிருக்குதா?"

ஒரு முழ நீளத்துக்கு ஓடுகள் கலைந்து பதிந்திருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கும் சுவர். இப்போதுதான் கண்ணில் பட்டது.

"கல்குவாரியில கூட வேல செஞ்ச ஒரு பழைய வாத்தியாரு, அது அவரு கையால எழுதிக் குடுத்த புத்தகம். அச்சுல வந்ததில்ல. எங்களுக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம், பழைய புத்தகத்தையெல்லாம் எரிக்கணும்னு கையில செவப்புப் பட்டை கட்டிக்கிட்டுப் பசங்க வீடு வீடா வந்தானுவ பாரு, அப்ப உங்கப்பா சுவத்தப் பேத்து உள்ள வெச்சுப் பூசிட்டாரு. மூணு நாள் வெயில்ல முட்டி போட வெச்சானுவ. வாயத் தொறக்கல. ஒம்போது வருஷம் இருந்துச்சு அது அந்தச் சுவத்துக்குள்ள. அந்த ஒம்போது வருஷமும் மனப்பாடமா, காதுக்குள்ள சொல்லுவாரு." அவள் ஒரு சிப்பியை உடைத்துச் சதையைக் கிண்ணத்தில் போட்டாள். "அவனுவளால எரிக்க முடியல."

பீயுன் அம்மாவின் காலடியில் ஓட்டுக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொடையில் குத்தியது. நகரவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்கத்தான் எரிச்சேன். அன்னிக்கு மேஸ்திரின்னு சொல்லிட்டேன்மா. எனக்காகப் படிச்ச மனுஷன..."

"ஒனக்காகவா?" சாய்லான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. "நீ பொறக்க நாலு வருஷம் முன்னாலருந்து படிக்கிறாருடி. நான் மலை ஊருக்காரி. தேயிலை வாசத்துல வளந்தவ. இங்க வந்தா சேறு, நாத்தம், கையெல்லாம் ரத்தம். கல்யாணம் ஆன முத வருஷத்துல மூணு தடவ ஓடிப்போனேன். ரெண்டு தடவ எங்கப்பன் அடிச்சுக் கொண்டாந்து விட்டான். மூணாந்தடவ ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறேன், உங்கப்பா வர்றாரு. அடிப்பாருன்னு பாத்தா, பக்கத்துல குந்திக்கிட்டு மடியிலருந்து அந்தப் புத்தகத்த எடுக்குறாரு. 'பஸ் வர ரெண்டு மணி நேரமாவும். அதுவரைக்கும் கேளு'ங்குறாரு. பஸ்ஸும் வந்துச்சு. படகுக்காரி கழுத்துல கத்தி நிக்குது. பட்டுனு மூடிட்டாரு. 'மிச்சம் வீட்ல'ன்னாரு."

"அம்மா..."

"பஸ் போயிருச்சு. நான் போகல." கொத்துளி நின்றது. "எழுபத்தொம்பது அத்தியாயம் முடிஞ்சா மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிப்பாரு. கடைசிய மட்டும் படிக்கவே மாட்டாரு. ஏன்யான்னா, 'முடிச்சா நீ கெளம்பிருவே'ம்பாரு. எழுவது வயசுல எங்கய்யா ஓடப்போறேன்னா, 'ஒன்ன நம்ப முடியாது, கால் பலமாத்தான் இருக்கு'ம்பாரு. மனப்பாடமாச் சொன்ன ஒம்போது வருஷமும் எழுபத்தொம்பதுதான். எண்பத அவரே ஒருதடவதான் படிச்சிருக்காராம்."

"அப்ப கூடை? கூடை காலியானாத்தான்னு என்னய..."

"அதச் சொன்னது நான்." சாய்லான் மகளின் மடங்காத விரலைப் பார்த்தாள். "கத கேட்டா என் கை நின்னுரும். வேல கெட்டுரும்னு நாந்தான் அவருகிட்ட அப்படிக் கட்டுப்பாடு போட்டேன். நீ வந்து நடுவுல புகுந்துக்கிட்டே. வேகமா ஒடைக்காதம்மா, கை போயிரும்னு அவரு கத்துவாரு. நீ எங்க கேட்டே? அன்னிக்கு நீ மேஸ்திரின்னு சொன்னப்ப நான் உள்ள அடுப்படியிலதான் நின்னேன். வெளிய வந்து, அது அவரு இல்லடி, நான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அவரும் காட்டிக் குடுக்கல."

காற்று வாசற்படிச் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போனது. இருவருமே பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை.

"அதுக்கப்பறம் நீ வந்தா புத்தகத்தத் தொட மாட்டாரு. புள்ளைக்கு விரல் ஞாபகம் வரும்பாரு. நீ வர்ற நாலு நாளும் எனக்குக் காது பட்டினி. எப்படா இவ கெளம்புவான்னு கூட நெனச்சிருக்கேன், பாத்துக்க."

பீயுன் அழுதாள். சாய்லான் அவளைத் தொடவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை, வையவும் இல்லை. எழுந்து போய் ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தாள்.

"புத்தகத்த அனுப்புன மகராசி கண்ணாடிய அனுப்பலயா? இதில்லாம அந்த மனுஷனுக்கு எருமைக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது."

காலி முக்காலியில் கண்ணாடியை வைத்துவிட்டு, எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் குனிந்து பேசினாள். "இந்தாய்யா. வந்ததும் எடுத்துக்கிட்டுப் போ. அங்க எவளுக்காச்சும் ஒக்காந்து படிச்சே, வந்து பீடியப் புடுங்கிப் போட்டுருவேன். எண்பதாவதப் பிரிக்காதே. நான் வரட்டும்."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"சீட்ட ஒண்ண ரத்து பண்ணிரு. நான் வரல."

"அம்மா, கோவத்துல சொல்லாத."

"கோவமெல்லாம் இல்ல. என்னய ஓடாம நிறுத்தி வெச்ச எடம் இது. இப்ப அவரு இல்லன்னதும் பஸ் ஏறினா, அவரு நெனச்சது சரியாப் போயிரும்."

சாய்லான் உள்ளே போய்ப் பத்தி ஏற்றினாள். சேமியா ஆறிப்போயிருந்தது, சூடு பண்ண அடுப்படிக்கு எடுத்துப் போகும் சத்தம் கேட்டது. "யுயேஜின்! வந்து சாப்புடு" என்று பின்வாசலில் குரல் கொடுத்தாள்.

முற்றத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அரைக்கூடைச் சிப்பி பாக்கி. பீயுன் அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து கொத்துளியை எடுத்தாள். மடங்காத விரல் பிடிக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது. நுனியை விளிம்பில் கொடுத்துத் திருகினாள். முதல் சிப்பி திறக்கவில்லை. இரண்டாவது திறந்தது. கை பழைய வேகத்தைத் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. மெதுவாகவே உடைத்தாள். மெதுவாக உடைக்கச் சொன்ன குரல் ஒன்று எங்கோ ஞாபகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் அது காதில் ஏறவில்லை.

எதிரே முக்காலியில் கண்ணாடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூண்டில் நரம்பு காற்றில் ஆடியது.

கடைசிச் சிப்பியும் உடைந்தது. கூடையைத் தூக்கிக் கவிழ்த்தாள். நாலு ஓட்டுத் துண்டும் கொஞ்சம் சேறும் விழுந்தன.

"அப்பா" என்றாள். மறுபடி சொன்னாள்.

"அப்பா, கூடை காலி."